குழுவில் விற்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் ஏர்கான், மின்சாரம், கட்டடப் பராமரிப்பு வேலை பார்க்கும் தமிழ் பேசுபவர்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு எங்களுடையது. வேலையில் சிக்கல் வந்தால் கேட்கலாம், தெரிந்தவர் சொல்லலாம். அதற்காகத்தான் ஆரம்பித்தோம். ஆனால் "இந்த விளம்பரத்தை ஏன் விட்டீர்கள்?" என்று ஒரு பக்கமும், "என் விளம்பரத்தை ஏன் எடுத்தீர்கள்?" என்று இன்னொரு பக்கமும் அடிக்கடி மனத்தாங்கல் வருகிறது. குழுவைப் பார்த்துக்கொள்ளும் மூன்று பேரில் நான் ஒருவன். எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். வேறு தொழில் குழு நடத்துபவர்களுக்கும் இது உதவலாம்.

ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் அண்ணே, விளம்பரம் போடலாமா, கூடாதா?

போடலாம். மூன்று நிபந்தனைகள் உண்டு. நீங்கள் யார், இதில் உங்களுக்கு என்ன வருமானம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். விலையையும் விவரத்தையும் எல்லோரும் பார்க்கும்படி குழுவிலேயே எழுத வேண்டும். போட்டுவிட்டுப் போய்விடாமல், கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நேரம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மேல். மறுநாள் பலருக்கு லீவு. தேக்கா பக்கமோ, மின்பொருள் கடைகள் இருக்கும் சிம் லிம் டவருக்கோ போகிறவர்கள் அப்படியே பார்த்து வாங்கிக்கொள்வார்கள். யாராவது ஒரு பொருளைப் பற்றிக் கேட்டு அதற்குப் பதிலாகச் சொல்வதென்றால் எந்த நேரமும் சொல்லலாம்.

இது வேலைக் கேள்விகளுக்கான குழு. விற்பவர்களையே உள்ளே விடாமல் இருந்தால் நிம்மதிதானே?

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஒரு காலத்தில் விற்பனை சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது என்று விதி போட்டு, உதிரிபாகக் கடைக்காரர்கள், கருவி விற்பவர்கள், கம்பெனிப் பிரதிநிதிகள் எல்லோரையும் வெளியேறச் சொல்லிவிட்டோம். முதல் இரண்டு வாரம் குழு அமைதியாக இருந்தது. அப்புறம்தான் கவனித்தோம், கேள்விகளும் பதில் இல்லாமல் கிடந்தன.

ஒரு தம்பி இரவு ஒன்பது மணிக்கு மேல் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து கேட்டார். இன்வெர்ட்டர் ஏர்கான் யூனிட் ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எரர் காட்டி நின்றுவிடுகிறது, போர்டு போய்விட்டதா, சென்சாரா? எங்களில் பாதிப் பேர் போர்டுதான் என்றோம். நானும் அதையே சொன்னேன். போர்டை மாற்றியும் ஓடவில்லை. மறுநாள் காலை அவர் போய் நின்றது, நாங்கள் வெளியே அனுப்பிய அதே உதிரிபாகக் கடையில். அந்த மாடலில் சென்சார் கனெக்டருக்குள் ஈரம் ஏறுவது வழக்கம், கழற்றித் துடைத்துக் காயவைத்துப் பாருங்கள் என்று கடைக்காரர் சொன்னார். யூனிட் ஓடியது. போர்டுக்குக் கொடுத்த பணம் போனது போனதுதான். அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன்.

நாம் வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கும் பழுதை அந்தக் கடைக்காரர் ஒரே வாரத்தில் நாலு பேர் கையில் பார்க்கிறார். எந்த மாடலில் எது அடிக்கடி போகிறது, எந்தக் கெபாசிட்டர் போலி, எந்தப் பாகம் இனிமேல் வராது என்பதெல்லாம் அவர் மேஜைக்குத்தான் முதலில் வந்து சேர்கிறது. வியாபாரம் செய்வதால்தான் அவருக்கு அது தெரிகிறது. அவரை வெளியே அனுப்பினால் அந்த அறிவும் வெளியே போய்விடுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 2022 கடைசிக் காலாண்டிலிருந்து, புவி வெப்பமாக்கும் திறன் 750க்கு மேல் உள்ள குளிர்விக்கும் வாயு நிரப்பிய வீட்டு ஏர்கான்களைச் சிங்கப்பூர்ச் சந்தைக்கு அனுப்பக்கூடாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் விதி கொண்டுவந்தது. நாம் பழகியிருந்த ஆர்410ஏ வாயுவுக்கு அந்த எண் 2,088. ஆர்32 வாயுவுக்கு 675. புதிய வீட்டு யூனிட்டுகளில் ஆர்32தான் என்று ஆனது. ஆர்32 மெல்லத் தீப்பிடிக்கக்கூடியது. வாக்குவம் பம்ப், கசிவு கண்டுபிடிக்கும் கருவி இவற்றில் எது அதற்கு ஏற்றது, எதை மாற்ற வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னவர்கள் அவற்றை விற்பவர்கள்தான். அவர்கள் எழுதியது வியாபாரச் செய்தி. அதே சமயம் வேலைக்குப் போகிறவன் பத்திரமாகத் திரும்பி வருவதற்கான செய்தியும் அதுதான். அந்த நேரத்தில் அவர்கள் குழுவில் இல்லாமல் இருந்திருந்தால் நாம்தான் நஷ்டப்பட்டிருப்போம்.

சரி, அப்படியென்றால் எதைத்தான் தடுக்கிறீர்கள்?

கேள்வியை மறைக்கும் பதிவை. வாட்ஸ்அப்பில் புதிதாக ஒன்று வந்தால் பழையது மேலே போய்விடுகிறது. ஏணியில் நின்றுகொண்டு ஒருவர் கேட்ட கேள்விக்குக் கீழே ஆறு போஸ்டர் படங்கள் வரிசையாக விழுந்தால், பதில் தெரிந்தவர் கண்ணில் அந்தக் கேள்வி படவே படாது.

இடமும் பிரச்சினைதான். ஒரு வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. நாங்கள் அந்த எண்ணை நெருங்கிவிட்டோம். விளம்பரம் போடுவதற்காக மட்டும் உள்ளே வந்து, யாருக்கும் ஒரு பதிலும் சொல்லாமல் இருப்பவர், வெளியே காத்திருக்கும் ஒரு தொழிலாளியின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் இதுவரை போட்டவை எல்லாமே விளம்பரம் என்றால், முதலில் தனியாகப் பேசுவோம். அதன் பிறகும் மாறவில்லை என்றால் எடுத்துவிடுவோம்.

பயனுள்ள அறிவிப்பு, வெறும் விளம்பரம். இரண்டையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்? எல்லாம் விற்பனைதானே?

நல்ல கேள்வி. இதற்குப் பழைய பதில் ஒன்று இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இணையத்தின் பெரும்பாதையாக இருந்தது அரசுப் பணத்தில் ஓடிய என்எஸ்எஃப்நெட் என்ற வலையமைப்பு. லாப நோக்குள்ள வேலைக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. ஆனால் அதன் பயன்பாட்டு விதிகளில் ஒரு வரி உண்டு. ஆராய்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் உதவும் புதிய பொருள்களையும் சேவைகளையும் அறிவிக்கலாம், எந்த வகை விளம்பரமும் செய்யக்கூடாது என்பது அதன் கருத்து. அறிவிப்பு வேறு, விளம்பரம் வேறு என்று அன்றைக்கே பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெரிய தெளிவு வந்தது.

எங்கள் குழுவுக்குப் பொருத்தி இரண்டு மாதிரிகளை எழுதுகிறேன். பொருள், கம்பியில் ஓடும் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர்.

முதல் மாதிரி: "மெகா ஆஃபர்! ஒரிஜினல் கிளாம்ப் மீட்டர்! நம்ப முடியாத விலை! ஸ்டாக் முடிவதற்குள் அழையுங்கள்!"

இரண்டாவது மாதிரி: "நான் ஒரு கருவிக் கடையில் வேலை செய்கிறேன். ஏசி, டிசி இரண்டையும் 400 ஆம்ப் வரை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வந்திருக்கிறது. விலை 95 வெள்ளி, ஒரு வருட உத்தரவாதம். டிசி பக்கம் அளக்க வேண்டிய வேலை இருப்பவர்களுக்கு உதவும். லைட் பாயின்ட், பிளக் பாயின்ட் வேலை மட்டும் பார்ப்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை, உங்களிடம் இருப்பதே போதும். சந்தேகம் இருந்தால் இங்கேயே கேளுங்கள், நாளை மதியம் வரை பதில் சொல்கிறேன்."

இரண்டும் ஒரே பொருளைத்தான் விற்கின்றன. இரண்டாவதைப் படித்தவர் வாங்காவிட்டாலும் ஏதோ ஒன்றைத் தெரிந்துகொள்கிறார். "யாருக்கு இது தேவையில்லை" என்ற அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் எப்போதும் தேடுவேன். அதை எழுதுபவருக்குப் பொருளும் தெரியும், வாங்குபவரின் வேலையும் தெரியும். அவர் குழுவில் இருக்க வேண்டியவர்.

இந்தச் சண்டை வாட்ஸ்அப் வந்த பிறகு வந்ததா?

இல்லை, இணையத்துக்கு என்ன வயதோ அதே வயது இதற்கும். 1978 மே 3 அன்று, டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி தூர்க், இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்குத் தன் நிறுவனத்தின் புதிய கணினிகளைப் பார்க்க வாருங்கள் என்று ஒரே மடலை அனுப்பினார். அப்போது அந்த வலையில் இருந்தவர்களே கொஞ்சம் பேர். பலருக்குக் கோபம் வந்தது. ஆனால் அதில் சொல்லப்பட்ட விஷயம் கணினி, பெற்றவர்களும் கணினித் துறைக்காரர்கள். சம்பந்தம் இருந்தது, முறைதான் தவறு.

1994 ஏப்ரலில் நடந்தது அதைவிட மோசம். அமெரிக்காவின் அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்ற இரண்டு வழக்கறிஞர்கள், யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாத வலையின் 5,000க்கும் மேற்பட்ட கலந்துரையாடல் குழுக்களில் ஒரே விளம்பரத்தைப் போட்டார்கள். கணினி மொழி பேசும் குழு, இசை பேசும் குழு என்ற வித்தியாசமே பார்க்கவில்லை. விளம்பரம் எதற்குத் தெரியுமா? அமெரிக்காவின் கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்பதற்கு. ஊர் விட்டு ஊர் வந்து, விசாவுக்காகக் கவலையோடு காத்திருப்பவர்களைக் குறிவைத்தது அது. நம் குழுவில் "எஸ் பாஸ் நிச்சயம், முன்பணம் மட்டும் கட்டுங்கள்" என்று சிங்கப்பூர் வேலை அனுமதியைக் காட்டி வரும் பதிவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சம்பவம்தான் ஞாபகம் வரும். முப்பது வருடம் ஆகியும் குறி மாறவில்லை.

யூஸ்நெட்காரர்கள் வியாபாரத்தை முழுதாகத் துரத்தவும் இல்லை. வியாபாரச் செய்திகளுக்கென்றே 'பிஸ்' என்று தொடங்கும் தனிக் குழு வரிசை இருந்தது. கணினித் துறையின் புதுப் பொருள் அறிவிப்புகளை ஒருவர் படித்துப் பார்த்து அனுமதிக்கும் தனிக் குழுவும் இருந்தது. எங்கள் சனிக்கிழமை ஏற்பாட்டுக்கு அதுதான் முன்மாதிரி.

நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. 1997 மே மாதம் சிங்கப்பூரில், நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ்நெட் 97 மாநாடு நடந்தது. அப்போது ஒரு தமிழ் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் ஒன்றும் புரியாது. ஒவ்வொரு மென்பொருளும் தனித்தனிக் குறியீடு வைத்திருந்தது. அதைச் சரிசெய்ய மின்னஞ்சல் வழியே நீண்ட விவாதங்கள் நடந்து, டிஸ்கி என்ற பொதுக் குறியீடு உருவானது. அந்த விவாதங்களில் எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தவர்களும் இருந்தார்கள், மென்பொருள் செய்து விற்றவர்களும் இருந்தார்கள். விற்பவர்களை ஒதுக்கியிருந்தால், எழுத்துருக்களை உள்ளும் புறமும் அறிந்த பலர் அந்தப் பேச்சில் இருந்திருக்க மாட்டார்கள்.

நான் ஒரு கடையில் வேலை செய்கிறேன். யாராவது கேட்டால் எங்கள் பொருளையே சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லுங்கள். "நான் அதை விற்கும் கடையில் இருக்கிறேன்" என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்திலும் இதே விதிதான். சொந்தப் பொருளைப் பதிலில் குறிப்பிடலாம், உங்களுக்கும் அதற்கும் உள்ள தொடர்பைப் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரின் விளம்பரத் தர ஆணையம் 2016ல் சமூக ஊடகங்களுக்காகக் கொண்டுவந்த வழிகாட்டியும், பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு ஒன்றைப் பாராட்டினால் அந்தத் தொடர்பைத் தெரியும்படி சொல்லச் சொல்கிறது.

மறைத்து எழுதுவதுதான் குழுவுக்கு உண்மையான கேடு. "நான் போன மாதம் இந்த பிராண்ட் வாங்கினேன், சூப்பர்" என்று வாடிக்கையாளர் போல ஒருவர் எழுதுவார். இரண்டாவது எண்ணிலிருந்து அவருடைய ஆளே "ஆமாம், நானும் வாங்கினேன்" என்பார். இது ஒரு தடவை நடந்து வெளியே தெரிந்தது. அதன் பிறகு பல மாதங்களுக்கு, உண்மையான அனுபவத்தை எழுதியவர்களைக்கூட "நீங்க எந்தக் கடை?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வெளிப்படையாக விற்பவர் என்னிடம் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறார். மறைத்து விற்பவர், குழுவில் இருக்கும் ஒவ்வொருவர் சொல்லையும் சந்தேகப்பட வைத்துவிடுகிறார். இப்படிச் செய்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

"விலைக்கு பிஎம் வாங்க" என்று போட்டால் ஏன் எடுத்துவிடுகிறீர்கள்?

பிஎம் என்றால் தனிச் செய்தி. அப்படித் தனியாகப் போனால் ஆளுக்கு ஒரு விலை. அனுபவசாலிக்கு ஒன்று, நேற்று வந்து இறங்கிய தம்பிக்கு ஒன்று. விலை குழுவில் எழுதப்பட்டால், "அண்ணே, இது வெளியே பத்து வெள்ளி குறைவு" என்று இன்னொருவர் சொல்ல முடியும். "இந்த மாடலில் இந்தக் குறை இருக்கிறது" என்று பயன்படுத்தியவர் சொல்ல முடியும். ஒரு பொருளைப் பற்றி அதைத் தொட்டு வேலை செய்பவர்கள் எதிரே பேச வேண்டிய கட்டாயம் இருக்கிறதே, அதுதான் தொழில் குழுவின் பெரிய பலம். பிஎம் என்றால் அந்தப் பலம் போய்விடுகிறது. முகவரி, பணம் அனுப்பும் விவரம் போன்றவற்றைத் தனியாகப் பேசுங்கள், அதில் தவறில்லை.

ஒர்க் பர்மிட்டில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏர்கான் சர்வீஸ் செய்து தருகிறேன் என்று போடலாமா?

வேண்டாம் தம்பி. இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஒர்க் பர்மிட்டில் எந்த முதலாளியின் பெயர் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். லீவு நாளில், நண்பர் வீட்டில், நாற்பது வெள்ளிக்குச் செய்தாலும் வேலை வேலைதான். செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 20,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் கிடைக்கலாம். மீண்டும் இங்கே வேலைக்கு வரவே முடியாமல் போகலாம்.

இதில் குழுவின் பங்கும் இருக்கிறது. பதிவில் உங்கள் பெயர், எண், செய்யும் வேலை எல்லாம் இருக்கும். ஆயிரம் பேர் கையில் இருக்கும் அந்தப் பதிவை யார் வேண்டுமானாலும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பலாம். ஊரில் வாங்கிய கடனை அடைக்க வந்தவர் ஐம்பது வெள்ளிக்காக எல்லாவற்றையும் இழக்கக்கூடாது. அதனால் இந்த வகைப் பதிவை நேரம் காலம் பார்க்காமல், கண்ட உடனே நீக்குகிறோம். அப்புறம் தனியாக அழைத்துக் காரணம் சொல்கிறோம். இதற்காக யாரையும் குழுவிலிருந்து எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டோம்.

நான் நிரந்தரவாசி. வயரிங் வேலை எடுத்துச் செய்கிறேன் என்று போடலாமா?

எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் இருந்தால் போடலாம், எந்த வகை உரிமம் என்பதையும் எழுதுங்கள். எலக்ட்ரீஷியன் உரிமம் 45 கேவிஏ மின்சுமை வரை, டெக்னீஷியன் உரிமம் 150 கேவிஏ வரை, அதற்கு மேல் எஞ்சினியர் உரிமம். சாதாரண வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் 40 ஆம்ப் மெயின் என்றால் 230 வோல்ட்டில் 9.2 கேவிஏதான் வரும், எலக்ட்ரீஷியன் உரிமமே போதும். ஒரு சின்னத் தொழிற்கூடம் என்றால் கணக்கு மாறிவிடும்.

2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளிலும் ஆர்சிசிபி என்ற மின்கசிவுப் பாதுகாப்புச் சாதனம் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. பழைய வீடுகளுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் "மலிவாகப் பொருத்தித் தருகிறோம்" என்று பதிவுகள் குவிந்தன. உரிமம் என்ன என்று கேட்டோம். பலர் பதிலே சொல்லவில்லை. ஆர்சிசிபி என்பது 30 மில்லியாம்ப் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டித்து உயிரைக் காப்பாற்றும் பொருள். அதைத் தவறாக இணைத்துவிட்டு, பாதுகாப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஒரு குடும்பம் தூங்கினால் அந்தப் பாவத்தில் நமக்கும் பங்கு உண்டு. உரிம விவரம் இல்லாத வயரிங் விளம்பரத்துக்கு இங்கே இடமில்லை.

வேலை வாய்ப்புச் செய்தி போடலாமா?

உங்கள் கம்பெனியில் ஆள் தேவை என்றால் எந்த நாளும் போடுங்கள். கம்பெனி பெயர், வேலை, சம்பளம், தேவையான சான்றிதழ் எல்லாம் வேண்டும்.

முகவர் என்றால் மனிதவள அமைச்சின் உரிம எண் வேண்டும். அமைச்சின் இணையப்பக்கத்தில் அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். நாங்களும் பார்க்கிறோம். உரிமம் பெற்ற சிங்கப்பூர் முகவர், வேலை தேடுபவரிடம் ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் கட்டணமாக வாங்கலாம். முதலாளியே வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்டால் அது குற்றம். "வேலைக்கு இடம் இருக்கிறது, பணம் கட்டினால் ஐபிஏ (வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல்)" என்று வரும் பதிவை நீக்கினால் எங்கள் மேல் கோபப்படாதீர்கள். ஏமாந்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

கடன் விளம்பரம்?

எந்த வடிவிலும் கிடையாது. உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர்களே தங்கள் கடையிலும், சொந்த இணையத்தளத்திலும், வணிக விவரத் தொகுப்புகளிலும் மட்டும்தான் விளம்பரம் செய்ய சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் "உடனடிக் கடன்" என்று வந்தாலே அது முறையானது இல்லை. பதில் போடாதீர்கள், அழைக்காதீர்கள். எங்களுக்குச் சொல்லுங்கள்.

பயிற்சி வகுப்பு நடத்துகிறோம். அது அறிவு சார்ந்ததுதானே, விளம்பரமா?

கட்டணம் வாங்கினால் விளம்பரம்தான், சனிக்கிழமை போடுங்கள். முழுக் கட்டணம், யார் சான்றிதழ் தருகிறார்கள், வகுப்பு எந்த மொழியில் என்று எழுதுங்கள். "ஸ்கில்ஸ்ஃபியூச்சர் இருப்பதால் இலவசம்" என்று மட்டும் பொத்தாம் பொதுவாகப் போடாதீர்கள். பயிற்சிக்காக அரசு தரும் அந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான். நம் குழுவில் பலர் ஒர்க் பர்மிட்டில் இருப்பவர்கள். இலவசம் என்று நம்பிப் பேர் கொடுத்துவிட்டு, வகுப்புக்கு முதல் நாள் நூற்றுக்கணக்கில் கட்டச் சொன்னார்கள் என்று ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருந்தார்.

"நூறு சதவீதம் பாஸ்" என்று எழுதினால் நீக்கிவிடுவோம்.

என்னுடைய பழைய டிரில்லை விற்க வேண்டும். இதுக்கும் சனிக்கிழமை வரை காத்திருக்கணுமா?

வேண்டாம். ஒரு படம், விலை, என்ன குறை இருக்கிறது, எந்த எம்ஆர்டி பக்கம் வந்து வாங்கலாம். அது போதும். விற்றதும் "விற்றாச்சு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.

குழுவில் இருக்கும் எண்களை எடுத்து தனித்தனியாக விளம்பரம் அனுப்பினால் குழுவுக்குத் தொந்தரவு இல்லையே?

இதை நல்லெண்ணத்தோடுதான் சிலர் கேட்கிறார்கள், ஆனால் இதுதான் பெரிய தொந்தரவு. ஒருவர் தன் எண்ணை உங்களுக்குத் தெரியும்படி வைத்திருப்பது தொழில் பேசுவதற்காக. உங்கள் வாடிக்கையாளர் பட்டியலில் சேர்வதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

சட்டமும் குறுக்கே வரும். 2014 முதல் 'அழைக்க வேண்டாம்' பதிவேடு நடப்பில் இருக்கிறது. அதில் பதிந்துகொண்ட சிங்கப்பூர் எண்ணுக்கு, தெளிவான சம்மதம் இல்லாமல் விளம்பரச் செய்தி அனுப்பக்கூடாது. மொத்தமாக அனுப்பும் வேண்டாத விளம்பரங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் 2007ல் வந்தது. ஒரே விஷயத்தை 24 மணி நேரத்தில் 100க்கு மேல் அனுப்பினால் அது மொத்தமாக அனுப்பியதாகக் கணக்கு. அப்படி அனுப்பும் வேண்டாத விளம்பரத்தில், அது விளம்பரம் என்ற அடையாளமும், இனி வேண்டாம் என்று சொல்ல ஒரு வழியும் இருக்க வேண்டும். 2021ல் அந்தச் சட்டத்தை உடனடிச் செய்திச் செயலிகளுக்கும் விரிவாக்கினார்கள். பாதிக்கப்பட்டவர் வழக்குப் போட்டால் ஒரு செய்திக்கு 25 வெள்ளி வரை நஷ்டஈடு விதிக்க நீதிமன்றத்தால் முடியும். ஆயிரம் பேருக்கு அனுப்பியவர் பெருக்கிப் பார்க்கட்டும்.

தீபாவளி, பொங்கல் வாழ்த்தில் கடை லோகோ போடலாமா?

போடுங்கள். அன்றைக்கு ஒரு நாள், ஒரு கடைக்கு ஒரு படம். ஆஃபர் விலை மட்டும் வேண்டாம்.

என் பதிவை நீக்கிவிட்டீர்கள். யாரிடம் கேட்பது?

எங்கள் மூவரில் யாரிடமும் கேட்கலாம். நீக்கியவர் எதற்காக நீக்கினார் என்று ஒரு வரியாவது உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றால் அது எங்கள் தவறு, சொல்லுங்கள், பதிவைத் திரும்பப் போடச் சொல்வோம். மூவரில் ஒருவர் ஏதாவது ஒரு கடையில் பங்கு வைத்திருந்தால், அந்தக் கடை சம்பந்தப்பட்ட பதிவில் அவர் தலையிடக்கூடாது என்று எங்களுக்குள் எழுதி வைத்திருக்கிறோம். இப்போது யாருக்கும் எந்தக் கடையிலும் பங்கு இல்லை. வந்தால் அன்றைக்கே குழுவில் சொல்லிவிடுவோம்.

முன்பு வெளியே அனுப்பிய கடைக்காரர்களில் பலரைத் திரும்ப அழைத்துவிட்டோம். அந்தச் சென்சார் கனெக்டர் விஷயத்தைச் சொன்ன உதிரிபாகக் கடை அண்ணனும் வந்துவிட்டார். சனிக்கிழமைகளில் அவர் எப்போதாவதுதான் ஏதாவது போடுகிறார். மற்ற நாட்களில் கடையை அடைத்த பிறகு, இரவு பத்து மணிக்கு மேல், அன்றைக்குப் பதில் கிடைக்காத கேள்விகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பதில் எழுதுகிறார்.